கடையில் கிடைக்காத ரயில்: சேலம் வட்டாரத்துப் பழைய பாதைகளை மாடலாகக் கட்ட ஒரு முழு வழிகாட்டி

மாடல் ரயில் நிறுவனங்களின் பட்டியலைப் புரட்டினால், இந்தியா என்றாலே டார்ஜீலிங்தான். அந்தச் சின்ன பி வகுப்பு எஞ்சினை வெளிநாட்டு நிறுவனங்கள் ஆசையாகச் செய்து விற்றிருக்கின்றன. அதை விட்டால் அகலப்பாதையின் பெரிய எஞ்சின்கள் சில. சேலத்திலிருந்து ஆத்தூர் வழியாக விருத்தாசலம் போன மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலப் பாதை) வண்டியோ, மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூர் வரை ஓடிய குறும்பாதை ரயிலோ எந்தப் பட்டியலிலும் கிடையாது. வாங்க ஆள் குறைவு என்பது அவர்கள் கணக்கு. அதற்காக நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நிறுவனங்கள் திரும்பிப் பார்க்காத இந்தப் பாதைகள்தான் வீட்டில் கையால் கட்டுவதற்கு மற்ற எல்லாவற்றையும்விடத் தோதானவை. கீழே வரும் அளவுகளைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

முதலில் பாதையைத் தேர்ந்தெடுங்கள்

சேலத்தைச் சுற்றி மாடலுக்கு ஏற்ற பாதைகள் நிறைய. நான் சிபாரிசு செய்வது இரண்டு.

ஒன்று, சேலம்–விருத்தாசலம் மீட்டர் கேஜ். சூரமங்கலத்தில் இருக்கும் சேலம் ஜங்ஷனில் கிளம்பி, சேலம் மார்க்கெட், சேலம் டவுன், அயோத்தியாப்பட்டணம், மின்னாம்பள்ளி, வாழப்பாடி கேட், ஏத்தாப்பூர் ரோடு, பெத்தநாயக்கன்பாளையம், ஆத்தூர், தலைவாசல், சின்னசேலம் என்று போகும் பாதை. 2000-களின் நடுவில் இது அகலப்பாதையாக மாறியது. அதற்கு முன் இதில் பயணம் செய்தவர்கள் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். மாடல் கட்டுபவருக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை.

இன்னொன்று, மொரப்பூர்–ஓசூர் குறும்பாதை. இரண்டரை அடி, அதாவது 762 மி.மீ. அகலம். மொரப்பூரிலிருந்து தருமபுரி வரை 1906-ல் திறந்தார்கள். 1913-ல் ஓசூர் வரை நீட்டினார்கள். அப்போது அந்தப் பகுதி முழுவதும் சேலம் மாவட்டம். தருமபுரி தனி மாவட்டமானது 1965-ல்தான். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும் 1905 முதல் இதே அகலத்தில் ஒரு பாதை இருந்தது. இரண்டுமே இரண்டாம் உலகப் போர்க் காலத்தோடு முடிந்துபோயின. கிருஷ்ணகிரி இன்று மாவட்டத் தலைநகரம், ஆனாலும் ஊருக்குள் ரயில் இல்லை. அந்த ஊரில் ஒருகாலத்தில் ரயில் வந்து நின்றது என்பதைக் கண்ணால் காட்ட மாடலைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஓமலூரிலிருந்து மேச்சேரி ரோடு வழியாக மேட்டூர் அணைக்குப் போகும் கிளையும், மேக்னசைட் ஜங்ஷன் பக்கத்துச் சரக்குப் பாதைகளும் நல்ல பொருள்தான். ஆனால் அவை அகலப்பாதை; அதில் ஒரு சிக்கல் இருக்கிறது.

அளவுக் கணக்கு

உலகில் அதிகம் விற்கும் அளவு ஹெச்.ஓ., அதாவது 87-ல் ஒரு பங்கு. அதற்கான தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. இது ஐரோப்பா, அமெரிக்காவின் 1435 மி.மீ. பாதைக்காக வந்த அளவு. நம் அகலப்பாதை 1676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வருகிறது. ஆகவே கடையில் வாங்கும் தண்டவாளத்தில் நம் அகலப்பாதை வண்டியை நிறுத்தினால், கால்கள் ஒடுங்கி நிற்கும். ஒருமுறை கவனித்துவிட்டால் அது கண்ணை விட்டுப் போகாது.

இப்போது மீட்டர் கேஜைப் பாருங்கள். 1000-ஐ 87-ஆல் வகுத்தால் 11.5. கடையில் 12 மி.மீ. தண்டவாளம் தாராளமாகக் கிடைக்கிறது. குறும்பாதையோ இன்னும் நெருக்கம்: 762-ஐ வகுத்தால் 8.76. கடையில் கிடைப்பது 9 மி.மீ. கால் மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆஸ்திரியாவில் 760 மி.மீ. பாதைகள் பல இருப்பதால், அவற்றுக்காக ஹெச்.ஓ.ஈ. என்ற பெயரில் லிலிபுட், ரோகோ போன்ற நிறுவனங்கள் எஞ்சின்களும் வண்டிகளும் செய்துவருகின்றன. மொரப்பூர் ரயிலுக்கு வேண்டிய அடிச்சட்டமும் சக்கரமும் அங்கே தயாராக இருக்கின்றன.

வளைவிலும் இதே லாபம்தான். இந்திய ரயில்வே விதிப்படி வளைவின் உச்ச வரம்பு அகலப்பாதையில் 10 டிகிரி, மீட்டர் கேஜில் 16 டிகிரி, 762 மி.மீ. குறும்பாதையில் 40 டிகிரி. ஆரமாகச் சொன்னால் சுமார் 175 மீட்டர், 109 மீட்டர், 44 மீட்டர். மாடல் அளவில் இவை 2 மீட்டர், 1.25 மீட்டர், 50 செ.மீ. ஆகின்றன. 2 மீட்டர் ஆரத்தில் வளைக்க மண்டபம் வேண்டும். 50 செ.மீ. வளைவு சாப்பாட்டு மேசையில் அடங்கும். மேசையில் உண்மையான வளைவைத் துளியும் சுருக்காமல் வைக்க முடிவது குறும்பாதையில் மட்டும்தான்.

அதனால் முதன்முதலாகக் கட்டுபவருக்கு நான் சொல்வது மொரப்பூர் பாதை, 9 மி.மீ. அகலம். பழைய ஆத்தூர் வண்டியின் நினைவு உங்களை இழுத்தால் மீட்டர் கேஜ், 12 மி.மீ. கண்பார்வை இடம் கொடுக்காதவர்கள் 48-ல் ஒரு பங்கு அளவில் குறும்பாதை கட்டலாம், அங்கே 16.5 மி.மீ. தண்டவாளமே போதும்.

தகவல் சேகரிப்பு

இதில் அவசரப்படாதீர்கள். ஒரு நிலையத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைப் பற்றிக் கிடைக்கும் எல்லாவற்றையும் திரட்டுங்கள். முழுப் பாதையையும் ஒரே நேரத்தில் ஆராயக் கிளம்பினால் கோப்பு பெருகும், பலகை காலியாகவே கிடக்கும்.

குறும்பாதைக்கு முதல் ஆதாரம் இந்திய நில அளவைத் துறையின் பழைய ஒரு அங்குல வரைபடங்கள். நிலையம் ஊரின் எந்தப் பக்கம் இருந்தது, பாதை எந்த ஓடையைக் கடந்தது என்பது அவற்றில் தெரியும். எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் தொகுத்து 1918-ல் வந்த சேலம் மாவட்ட கெசட்டியரையும் (அரசின் மாவட்டத் தகவல் நூல்) தேடிப் படியுங்கள். அந்தக் காலத்து ஊர், சந்தை, விளைபொருள் எல்லாம் அதில் விரிவாக இருப்பதால் வண்டியில் என்ன சரக்கு ஏற்றுவது என்ற கேள்விக்கு விடை கிடைக்கும். அப்புறம் அதே இடத்தைச் செயற்கைக்கோள் படத்தில் திறந்து பாருங்கள். பழைய பாதை போன இடம் வயல் வரப்புகளுக்கு நடுவே நீண்ட வளைவாக, சில இடங்களில் வண்டித்தடமாக மிஞ்சியிருக்கும். ரயில் வளைவு சீரானது. மாட்டு வண்டிப் பாதை அப்படி வளையாது. அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

மீட்டர் கேஜுக்கு ஆதாரம் மனிதர்கள். அயோத்தியாப்பட்டணத்திலோ ஆத்தூரிலோ ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவரைக் கண்டுபிடித்து, “ஐயா, தண்ணித் தொட்டி எந்தப் பக்கம் இருந்துச்சு? கேட்மேன் குடிசை எங்க?” என்று கேளுங்கள். பொதுவாகப் பேசச் சொன்னால் பொதுவாகத்தான் பேசுவார்கள். வெள்ளைத்தாளில் இரண்டு கோடு போட்டு நீட்டினால், பேனாவை வாங்கி மீதியை அவர்களே வரைவார்கள். வீட்டுக் கல்யாண ஆல்பங்களையும் விடாதீர்கள்: பெண்ணை வழியனுப்பும் படத்துக்குப் பின்னால் நிலையக் கட்டடத்தின் கூரை ஓடும் தூணும் ஜன்னல் கம்பியும் அப்படியே இருக்கும்.

நேரில் அளக்க, சென்னை ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) பக்கத்து ரயில் அருங்காட்சியகமும் திருச்சி ரயில் அருங்காட்சியகமும் உண்டு. ஓடும் பாதையில் டேப்பை எடுத்துக்கொண்டு இறங்காதீர்கள். ஆபத்து ஒருபுறம் இருக்க, 1989 ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவுப்படி அத்துமீறி நுழைவது குற்றம். நடைமேடையில் நின்று, அளவு தெரிந்த ஒரு பொருளைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தாலே பாதி அளவுகளைக் கணக்கிட்டுவிடலாம்.

பலகையும் இடமும்

எட்டுக்கு நான்கு பிளைவுட் ஒன்றை நீளவாக்கில் இரண்டாக அறுத்தால், 8 அடி நீளம் 2 அடி அகலத்தில் இரண்டு பலகைகள். ஒன்று நிலையம். இன்னொன்று வண்டி மறைந்து நிற்கும் இடம். 12 மி.மீ. கனம் போதும், அடியில் குறுக்குச் சட்டம் கட்டாயம் அடியுங்கள்.

மொட்டை மாடித் தகரக் கூரை அறையில் வைக்காதீர்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் அந்த அறை அடுப்பாகிவிடும். ஒரு மீட்டர் தண்டவாளம் 20 டிகிரி வெப்ப மாற்றத்துக்குச் சுமார் மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் நீளும். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் இடைவெளி இல்லாமல் ஒட்டிய தண்டவாளம் மே மாதத்தில் பக்கவாட்டில் பிதுங்கிக்கொள்ளும். ஒவ்வொரு இணைப்பிலும் தடித்த காகிதம் நுழையும் அளவு இடைவெளி விடுங்கள். மார்கழியில் ஒட்டுகிறீர்கள் என்றால் இன்னும் கொஞ்சம் தாராளமாக.

தண்டவாளம்

பார்ப்பவர்கள் முதலில் எஞ்சினைத்தான் பார்ப்பார்கள் என்று நினைத்து, பலர் தண்டவாளத்தில் சிக்கனம் பிடிக்கிறார்கள். மீட்டர் கேஜ் என்ற உணர்வைத் தருவதே அந்த மெல்லிய தண்டவாளமும் குட்டையான ஸ்லீப்பர் கட்டைகளும்தான். என் உழைப்பில் பெரும்பகுதியை இங்கேதான் செலவிடுவேன்.

மீட்டர் கேஜில் பரவலாக இருந்த, கெஜத்துக்கு 60 பவுண்டு எடையுள்ள தண்டவாளத்தின் உயரம் 114 மி.மீ. மாடலில் 1.3 மி.மீ. கடையில் கோட் 55 என்று கேட்டால் 1.4 மி.மீ. உயரத் தண்டவாளம் கிடைக்கும்; மிகப் பொருத்தம். மலிவாகக் கிடைக்கும் கோட் 100 தண்டவாளம் 2.54 மி.மீ. உயரம். அதை நிஜ அளவுக்கு விரித்தால் 22 செ.மீ. உயரம் வரும், அப்படியொரு தண்டவாளம் சேலம் டவுனில் இருந்ததில்லை.

மரக் கட்டையின் அளவு மீட்டர் கேஜில் 1830 மி.மீ. நீளம், 200 மி.மீ. அகலம். மாடலில் 21 மி.மீ. நீளம், 2.3 மி.மீ. அகலம். இங்கே ஒரு நல்ல குறுக்குவழி உண்டு. பீகோ நிறுவனம் 120-ல் ஒரு பங்கு டி.டி. அளவுக்காக விற்கும் வளையும் தண்டவாளம் 12 மி.மீ. அகலம், கோட் 55. அதன் கட்டைகளின் நீளமும் நமக்கு வேண்டிய 21 மி.மீட்டருக்குப் பக்கத்தில்தான். கட்டைகள் மட்டும் நெருக்கமாக இருக்கும். அடியில் இருக்கும் பிளாஸ்டிக் இணைப்புகளைக் கத்தியால் வெட்டி, மூன்றில் ஒரு கட்டையை உருவிவிட்டு, மீதியை இடைவெளி விட்டு நகர்த்துங்கள். நெருக்கமாக அடுக்கிய ஐரோப்பியப் பாதை உங்கள் கண் முன்னாலேயே நம் ஊர்க் கிளைப் பாதையாக மாறும். கட்டைகள் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டாம். அங்கங்கே ஒன்று லேசாகக் கோணட்டும்.

குறும்பாதைக் கட்டை ஐந்தடி நீளம், மாடலில் 17.5 மி.மீ. இதற்குத் தீக்குச்சி கனத்தில் மரத்தை அறுத்து, கையால் அடுக்கி, தண்டவாளத்தை ஒட்டுவதே சிறப்பு. ஐந்து கட்டைக்கு ஒன்றாகச் செம்பு பூசிய சர்க்யூட் போர்டுத் துண்டு வைத்து, அதில் தண்டவாளத்தைச் சாலிடர் செய்தால் அகலம் மாறாமல் நிற்கும். அந்தச் செம்பின் நடுவே அரத்தால் ஒரு கீறல் போட மறக்காதீர்கள். இல்லையென்றால் இரண்டு தண்டவாளமும் ஷார்ட் ஆகும். மெல்லிய அரம், நூல்போன்ற ரம்பத் தகடு, நுண்ணிய துளை போடும் பிட் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கத் தேவையில்லை. கொலுசுத் தொழில் நடக்கும் ஊர் இது. நகைத் தொழில் கருவி விற்கும் கடைகளில் எல்லாமே இருக்கும்.

பாதை இரண்டாகப் பிரியும் பாயிண்டுகளை முதல் முறை விலை கொடுத்து வாங்கிவிடுங்கள். மூன்று போதும்: வண்டி விலகிப்போக இரண்டு, சரக்குக் கொட்டகைக்கு ஒன்று. மின்சாரத்துக்குச் சாதாரண 12 வோல்ட் நேர் மின்சாரம் தாராளம்.

மொரப்பூரைக் கட்டுபவர்களுக்கு ஒரு யோசனை. பலகையின் முன் ஓரத்தில் 19.3 மி.மீ. அகலத்தில் அகலப்பாதை ஒன்றை, ஓடாத காட்சிப் பாதையாக, கையால் அமையுங்கள். அதில் இரண்டு சரக்கு வேகன்கள் நிற்கட்டும். பின்னால் நடைமேடையின் மறுபக்கம் 9 மி.மீ. குறும்பாதை. நடுவில் தலையில் மூட்டையோடு ஆட்கள். அகலம் வேறான இரண்டு பாதைகள் சந்திக்கும் இடத்தில் ஒவ்வொரு மூட்டையும் மனிதத் தோளில்தான் மாறியது. அந்தப் பாதையின் வாழ்க்கையையே அந்த ஒரு காட்சி சொல்லிவிடும்.

வண்டிகளுக்குப் பிறகுதான் எஞ்சின்

நான்கு சக்கர மூடிய சரக்கு வண்டி ஒன்றில் தொடங்குங்கள். 0.5 மி.மீ. பிளாஸ்டிக் அட்டையில் பக்கங்களை வெட்டி, 1 மி.மீ. பட்டைகளைச் சட்டங்களாக ஒட்டினால் ஒரு வார இறுதியில் முடியும். எடை முக்கியம், கூரைக்கு அடியில் ஈயத் துண்டோ பழைய நட்டுகளோ ஒட்டுங்கள். சக்கரம் மட்டும் உலோகமாக வாங்குங்கள்.

பயணிகள் பெட்டியில் நம் அடையாளம் ஜன்னல் கம்பி. கிடைமட்டமாக ஓடும் அந்தக் கம்பிகள் இல்லாவிட்டால் எந்தப் பெட்டியும் வெளிநாட்டுப் பெட்டிதான். ரெசின் 3டி பிரிண்டரில் பெட்டியின் உடலை எடுக்கலாம், ஆனால் கம்பியை அதிலேயே எடுக்க முயன்றால் ஒடிந்துகொண்டே இருக்கும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் சுருளிலிருந்து 0.2 மி.மீ. செம்புக் கம்பியை உருவி, நீட்டி இழுத்து, உள்பக்கம் ஒட்டுங்கள். ரெசினைத் தொடும்போது கையுறை அவசியம்; ஜன்னல் திறந்திருக்கட்டும்.

மீட்டர் கேஜ் பெட்டியின் அகலம் அதிகபட்சம் 2745 மி.மீ., அதாவது ஐரோப்பியப் பெட்டிகளுக்குக் கிட்டத்தட்டச் சமம். ஒடுங்கிய பாதையின் மேல் அகன்ற உடல், அதுதான் மீட்டர் கேஜின் தோற்றம். ஆகவே பழைய ஹெச்.ஓ. பெட்டி ஒன்று மலிவாகக் கிடைத்தால் அதன் உடலை வெட்டி உயரத்தைக் குறைத்துப் பயன்படுத்தலாம்.

எஞ்சினுக்கு வருவோம். மீட்டர் கேஜில் முதல் எஞ்சினாக ஒய்.டி.எம்.-4 டீசலையே எடுங்கள். அமெரிக்காவின் ஆல்கோ நிறுவன வடிவமைப்பு, பிறகு வாரணாசியில் தயாரானது. 1350 குதிரைசக்தி, ஒரு போகிக்கு (அடியில் திரும்பும் சக்கரத் தொகுதி) மூன்று அச்சு. சக்கரம் 965 மி.மீ., மாடலில் 11 மி.மீ. டி.டி. அளவில் வரும் ஆறு அச்சு டீசல் எஞ்சின் ஒன்றின் அடிச்சட்டம் 12 மி.மீ. பாதையில் அப்படியே ஓடும். சக்கரம் கொஞ்சம் சிறியதுதான். பக்கச் சட்டத்தை ஆழமாகச் செய்தால் கண்ணுக்குத் தெரியாது. உடலைப் பித்தளைத் தகட்டிலோ பிளாஸ்டிக்கிலோ பெட்டி பெட்டியாகக் கட்டலாம், வளைவுகள் குறைவு.

ஒய்.பி., ஒய்.ஜி. நீராவி எஞ்சின்கள் அழகு, மறுக்கவில்லை. ஒய்.பி.யின் பெரிய சக்கரம் 1372 மி.மீ., மாடலில் 15.8, ஒய்.ஜி.க்கு 1219 மி.மீ., மாடலில் 14. இந்த அளவுச் சக்கரங்களை 12 மி.மீ. அகலத்துக்கு அமைத்து, தண்டுகள் இடிக்காமல் ஓட்டுவது கை நன்றாகப் பழகிய பிறகு செய்யும் வேலை.

குறும்பாதைக்கு, காட்டோ நிறுவனம் விற்கும் 9 மி.மீ. சின்ன மோட்டார் அடிச்சட்டத்தின் மேல் டாங்க் எஞ்சின் (தண்ணீரும் கரியும் தன் மேலேயே சுமக்கும் எஞ்சின்) உடல் ஒன்றை எழுப்புங்கள். கையில் புகைப்படம் இருக்கும் ஒரு எஞ்சினை மட்டும் செய்யுங்கள். படம் இல்லாமல் மனதில் தோன்றியதைச் செய்து அந்தப் பாதையின் பெயரை ஒட்டினால், நாளைக்கு அதையே யாராவது ஆதாரமாக எடுத்துக்கொள்வார்கள்.

மண், கல், மலை

செம்மண்ணை வெயிலில் நன்றாகக் காயவைத்து, நைலான் துணியில் சலித்துப் பயன்படுத்துங்கள். அதற்கு முன்னால் காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி மண்ணுக்குள் நாலைந்து முறை அலசுங்கள். கஞ்சமலை இரும்புத் தாது உள்ள பூமி இது. கருந்துகள்கள் கொத்தாக ஒட்டிக்கொண்டு வரும். அவற்றை அப்படியே விட்டால் மோட்டாரின் காந்தத்தில் போய்ச் சேர்ந்து எஞ்சினைக் கொன்றுவிடும்.

ஜல்லிக்கு எம்-சாண்ட். 50 மி.மீ. ஜல்லி மாடலில் 0.6 மி.மீ.தான், டீ வடிகட்டியில் இறங்குவது சரியாக இருக்கும். அதையும் காந்தத்தால் அலசுங்கள்.

மலையைச் செய்யும்போது படத்தில் பார்த்த கூம்பு மலைகளை மறந்துவிடுங்கள். சேர்வராயன் மலையின் தலை நீண்டு தட்டையாகக் கிடக்கும். சரிவு செங்குத்தாக இறங்கும். அயோத்தியாப்பட்டணத்தில் நின்று வடக்கே படம் எடுத்து, அதையே பின்புறத் திரைக்கு மாதிரியாக வையுங்கள். பாறை கருநீலச் சாம்பல் நிறம். மேக்னசைட் வெட்டிய கரடு என்றால் மட்டும் வெள்ளை. மீட்டர் கேஜ் கட்டுபவர்களுக்கு இந்த மலை இன்னொரு உதவியும் செய்யும்: உண்மையான 1.25 மீட்டர் வளைவுக்கு இடமில்லாதபோது, 50 செ.மீ. வளைவை மலைக்குப் பின்னால் ஒளித்து, கண்ணுக்குத் தெரியும் பாதையை நேராகவும் மென்மையாகவும் வைத்துக்கொள்ளலாம்.

புளியமரம், வேம்பு, புங்கன். ஆத்தூர்ப் பக்கம் என்றால் மரவள்ளிக் காடும், ஜவ்வரிசி காயும் வெள்ளைக் களமும் வேண்டும். நிலையப் பெயர்ப்பலகை மஞ்சள், எழுத்து கருப்பு, தமிழ் மேலே. போர்க் காலத்துக்கு முந்தைய மொரப்பூருக்குப் பழைய படம் பார்த்தே பலகை எழுதுங்கள்.

ஓட்டுவது

வட்டமாகச் சுற்றவிட்டால் பத்து நிமிடத்தில் சலித்துவிடும். ஒற்றைப் பாதையில் வண்டிகள் எப்படி ஓடினவோ அப்படி ஓட்டுங்கள். மீட்டர் கேஜில் ஒரு நிலையத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு வண்டிதான் போகலாம் என்பதை உறுதிசெய்ய நீல்ஸ் டோக்கன் கருவி இருந்தது. கருவி தந்த பந்தைத் தோல் பையில் போட்டு, வளையத்தோடு ஓட்டுநர் கையில் கொடுப்பார்கள். வீட்டில் இதற்கு ஒரு பித்தளை வளையல் போதும். வளையல் யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் ஓட்டலாம். பிள்ளைகளில் ஒருவரை நிலைய அதிகாரியாக்கினால் சண்டையும் இருக்காது.

குறும்பாதையில் பயணிகள் பெட்டியும் சரக்கு வண்டியும் ஒரே எஞ்சினில் கோர்த்த கலப்பு வண்டி ஓட்டுங்கள். தருமபுரியிலிருந்து வந்த வண்டியில் பின்னால் இருக்கும் இரண்டு சரக்கு வண்டிகளைக் கழற்றி, கொட்டகைப் பாதைக்குத் தள்ளி, காலி வண்டிகளைக் கோர்த்து, எஞ்சினை மறுமுனைக்குக் கொண்டுவந்து திரும்பக் கிளப்ப, மூன்று பாயிண்ட் உள்ள அந்தச் சின்ன நிலையத்தில் அரை மணி நேரம் பிடிக்கும். வேகத்தைக் குறைத்தே வையுங்கள். எஞ்சின் தட்டுத்தடுமாறினால் தண்டவாளத்தின் மேல்புறத்தை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.